வரி கட்டும் ஊரில் எனக்குப் பேச்சுரிமை இல்லையா?

பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, வாசகர் ஒருவர் ஏழு பக்கங்களில் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவருக்கு வயது 58. பிறந்தது தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். 27 ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை. அங்கே சொந்த அடுக்குமாடி வீடும் வாக்காளர் அட்டையும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், ஒரு கிராம ஊராட்சி எல்லைக்குள் போடப்பட்ட மனைப்பிரிவில் 2018இல் இடம் வாங்கி, மறு ஆண்டு வீடு கட்டினார். அந்த மனைப்பிரிவில் 22 வீடுகள். மூன்று குடும்பங்கள் மட்டும் நிரந்தரமாகத் தங்கியிருக்க, மற்றவர்கள் இவரைப் போலவே சனிக்கிழமை காலை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஓசூர் வழியாகத் திரும்பிவிடுகிறார்கள்.

கடந்த ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு இவர் போயிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டிக் கொளுத்துவதைப் பற்றிப் பேச எழுந்தபோது, "ஓட்டு இல்லாதவங்க உக்காருங்க" என்று முன்னாள் தலைவர் சொல்ல, கூட்டம் சிரித்ததாம். அதே கூட்டத்தில், மனைப்பிரிவின் பின்பக்கக் கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது. அதற்கு முன்பே, 'லேஅவுட் வீடுகள்' ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஊரில் முடிவெடுத்திருக்கிறார்கள். வீட்டு வரி 840 ரூபாயிலிருந்து 2,310 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு வருமான வரியில் கற்பனை வாடகை காட்ட வேண்டும் என்று கணக்கர் சொல்கிறார். இதற்கெல்லாம் பதிலடியாக, 22 வீட்டாரும் தங்கள் பெயர்களை அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்பது அவருடைய முக்கியக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்: "அந்த ஊரில் நாலு குடும்பம் கட்டும் வரியை நான் ஒருவன் கட்டுகிறேன், எனக்கு ஒரு வார்த்தை பேச உரிமை இல்லையா?" மற்றக் கேள்விகள் எல்லாம் இந்த ஒன்றில் தொங்குவதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

வரியும் வாக்கும்

வரி கட்டுகிறவனுக்கு வாக்கு என்ற கொள்கை ஒரு காலத்தில் நம் நாட்டில் சட்டமாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் வாக்களிக்கும் தகுதி பெரும்பாலும் வரியோடும் சொத்தோடும் எழுத்தறிவோடும் கட்டப்பட்டிருந்தது. பட்டாதாரருக்கு வாக்கு இருந்தது, அவருடைய நிலத்தில் உழுதவருக்கு இல்லை. அந்த முடிச்சை அவிழ்த்தது அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு. அதன்பிறகு, ஒரு ரூபாய் வரி கட்டாதவருக்கும் ஒரு கோடி கட்டுகிறவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். ஆகவே நாலு குடும்பத்தின் வரியைக் கட்டுகிறேன் என்ற வாதம் சட்டத்தின் முன் எடுபடாது. சபையிலும் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. அந்த ஊரில் அதைக் கேட்கும் முதியவர்களுக்கு அது புதிய வாதமாகவும் இருக்காது.

அடுத்து, சொத்துக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, உங்கள் நிலையை நினைத்தே எழுதியது போல இருக்கிறது: ஒரு தொகுதிக்குள் ஒருவருக்கு வீடு சொந்தமாக இருக்கிறது, அல்லது வீடு அவர் வசம் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டுமே அவரை அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராகக் கருதக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடியொற்றியே தயாராகிறது. கிராமசபை என்பதோ, அரசமைப்பின் 243ஆம் பிரிவின்படியும் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படியும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களால் ஆனது. வீட்டு வரி ரசீது கிராமசபைக்கு நுழைவுச் சீட்டு அன்று. அது மனைக்கு உரிமைப் பத்திரமும் அன்று என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் "ரசீது என் பெயரில் இருக்கிறது, எனவே எல்லாம் சரியாக இருக்கிறது" என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மைத்துனர், அங்கே வெளியூர் வீட்டுக்காரர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்கு உண்டு என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அது விதிவிலக்கு. கொலராடோ மாநிலத்தில் மவுண்டன் வில்லேஜ் என்ற பனிச்சறுக்கு ஊர், தன் சாசனத்திலேயே அப்படி எழுதிக்கொண்டது. அதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கும் 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அந்த நாட்டிலும் பெரும்பாலான ஊர்களில் குடியிருப்பவருக்கே வாக்கு. நம் சட்டத்தில் ஓர் ஊராட்சி விரும்பினாலும் அப்படி எழுதிக்கொள்ள இடமில்லை.

எனவே அன்று உங்களை உட்காரச் சொன்னவர் சொன்ன முறை தவறு. சொன்ன செய்தி பெருமளவு சரி. உறுப்பினர் அல்லாதவர் வந்து அமர்ந்து கேட்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. கூட்டத்தை நடத்துபவர் அனுமதித்தால் ஒரு விளக்கம் சொல்லலாம். கை தூக்கி வாக்களிக்கவோ, தீர்மானம் முன்மொழியவோ முடியாது. நீங்கள் பொருட்படுத்தாமல் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது: பதிவேட்டில் கையெழுத்திட்டது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கிராமசபையின் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை, நிறைவேறும். உறுப்பினர் அல்லாத உங்கள் கையெழுத்து அந்தக் கணக்கில் ஏறியிருந்தால், நாளை யாராவது அந்தக் கூட்டத்தின் செல்லுபடியையே கேள்வி கேட்கலாம். இனிமேல் கையெழுத்திட வேண்டாம்.

22 வீடும் சேர்ந்து பெயர் சேர்த்தால்

உங்கள் திட்டம் எண்ணிக்கையளவில் சரிதான். 22 வீட்டில் 45 வாக்குகள். சிறிய வார்டில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆனால் படிவத்தில் ஒவ்வொருவரும் "இந்த முகவரியில் வழக்கமாகக் குடியிருக்கிறேன்" என்று உறுதிமொழி தர வேண்டும். அது பொய் என்று தெரிந்தே தந்தால், அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெங்களூர்ப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டே இங்கும் சேர்ப்பதை 17ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. மாநிலம் வேறு என்பதால் தெரியவராது என்று உங்கள் நண்பர்கள் நினைப்பது போன தலைமுறை நினைப்பு.

ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் படிவம் 7 கொடுத்து ஆட்சேபிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் செவ்வாய்க்கிழமை காலை வந்து 19 வீடுகளில் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்ல அனுமதியுங்கள்: ஞாயிறு மாலை ஊரைவிட்டுப் போகிறவர்கள், திங்கள் காலை அங்கே தண்ணீர் பிடிக்கிறவர்களின் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதை, நீங்களே பாலக்கோட்டில் இருந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டில் ஓய்வு பெற்று இங்கேயே வந்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்து குடியேறியதும் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அதில் பழைய அட்டையின் எண்ணைக் குறிப்பிட்டு, புதிய முகவரிக்கான சான்றை இணைக்க வேண்டும். ஆறு மாதம் தங்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நாள்கணக்கு சட்டத்தில் இல்லை. எங்கே சமைத்து உண்டு உறங்கி வாழ்கிறீர்கள், எங்கே திரும்பி வருகிறீர்கள் என்ற உண்மைநிலைதான் பார்க்கப்படும். மாதத்தில் பாதி நாள் மகள் வீட்டுக்குப் போய்வந்தாலும் அது தற்காலிக விலகல்தான்; உரிமை போகாது. உங்கள் மனைவி உங்களுக்கு முன்பே வந்து தங்கிவிட்டால், அவருடைய பெயர் மட்டும் முதலில் மாறுவதிலும் தவறில்லை. வாக்குரிமை தனித்தனி நபருக்கு உரியது, தம்பதியாகப் பார்க்கப்படுவதில்லை.

கிராமசபை வேறு, ஊர்க்கூட்டம் வேறு

5,000 ரூபாய் விஷயத்தில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "கிராமசபை தீர்மானம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது நடந்தது ஆடி இரண்டாம் வெள்ளி இரவு, மாரியம்மன் கோயில் திடலில். கோல்காரர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போக, ஊரின் மரபுவழித் தலைவர்களான ஊர்க்கவுண்டரும் மந்திரிகவுண்டரும் முன்னிலை வகித்திருக்கிறார்கள். அது கிராமசபை அன்று. தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களை ஒட்டிக் கூட்டப்படுகிறது; சிறப்புக் கூட்டமென்றால் முறையான முன்னறிவிப்பு வேண்டும். நீங்கள் விவரிப்பது, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஊர்க்கூட்டம். பண்டிகைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது, தேர் இழுக்கும் முறை, எருது விடும் விழாவுக்கு நாள் குறிப்பது போன்றவை அதன் வேலை.

தலைக்கட்டு வரி என்ற பெயரில் வரி இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது நன்கொடைதான். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசமைப்பின் 265ஆம் பிரிவு சொல்கிறது. ஊராட்சி என்னென்ன வரி போடலாம் என்பதை ஊராட்சிகள் சட்டத்தின் 171ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. 'லேஅவுட் வரி' அதில் இல்லை. ஊர்க்கூட்டம் மட்டுமல்ல, முறைப்படி கூடிய கிராமசபையே தீர்மானம் போட்டாலும் அப்படியொரு வரியை உருவாக்க முடியாது. அதைக் கட்டினால்தான் குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி என்று யாரும் நிபந்தனை வைக்கவும் முடியாது. அப்படி வைத்தால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் போன ஆண்டு அம்மன் பண்டிகைக்கு 2,000 ரூபாய் கொடுத்ததை "வரி கட்டியும் மதிப்பில்லை" என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்தியது. கோல்காரர் உங்கள் கேட்டில் வந்து நின்றது, உங்களையும் ஒரு தலைக்கட்டாக ஊர் எண்ணியதன் அடையாளம். இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் அந்தக் கணக்கில் ஏறுவதற்கே பல குடும்பங்கள் போராட வேண்டியிருந்திருக்கிறது. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டு, காசு கொடுக்க முன்வந்தும் வாங்க மறுக்கப்பட்ட வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். 5,000 ரூபாயைக் கட்டாயம் என்று கேட்டால் மறுக்கலாம். பண்டிகைக்குத் தலைக்கட்டு என்று கேட்டால், எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகைதானா என்று மட்டும் கேட்டுவிட்டு, மனமிருந்தால் கொடுங்கள்.

பின்பக்கக் கேட்

இதில் நீங்கள் தோற்க வாய்ப்பு அதிகம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பொது ஒதுக்கீட்டு இடமும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். மனை விற்றவர் "கேட்டெட் கம்யூனிட்டி" என்று விளம்பரம் செய்திருக்கலாம். அந்தச் சாலை உங்கள் 22 பேருக்குச் சொந்தமாவதில்லை. ஊராட்சிச் சாலையின் குறுக்கே பூட்டுப் போடுவது ஆக்கிரமிப்பு. அந்தப் பூட்டை அகற்ற ஊராட்சிக்கு யாருடைய தீர்மானமும் தேவையில்லை.

அதோடு, அந்தப் பாதை வழியாக முன்பு களத்துக்கு ராகிக்கதிர் ஏற்றிய வண்டிகள் போகும் என்று ஊர்க்காரர்கள் சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அந்தப் புல எண்ணின் புலப்படத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள்; புலப்படத்தில் இரட்டைப் புள்ளிக்கோடாகப் பாதை ஓடுகிறதா, பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பட்டா நிலமாகவே இருந்தாலும், 20 ஆண்டு தடையின்றி, உரிமையோடு பயன்படுத்திவந்த வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் கேட்டுக்கு வயது ஆறு.

திருட்டுப் பயம் உண்மையானதுதான். அதற்குக் கேட்டைப் பூட்டுவதைவிடக் கேமராவும் ஒரு விளக்கும் மேல். மின்வேலியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். காப்புக்காட்டுக்கு அருகில் மின்வேலி அமைக்க வனத்துறையின் அனுமதி தேவை என்று 2023ஆம் ஆண்டு விதிகள் வந்திருக்கின்றன, உங்களிடம் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள். ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரிக் காட்டுப் பக்கத்திலிருந்து இறங்கும் யானைகள் உங்கள் வேலியில் திரும்பிப் பக்கத்துக் கொல்லைக்குள் போகின்றன என்பது, கேட் தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கும் பேசப்படாத கோபமாக இருக்கக்கூடும்.

வீட்டு வரி, வருமான வரி

840 எப்படி 2,310 ஆனது என்பதற்கான விடை உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்திலேயே இருக்கிறது: 2023இல் மாடியில் இரண்டு அறை எடுத்திருக்கிறீர்கள். ஊராட்சியில் வீட்டு வரி கட்டடத்தின் பரப்பையும் கூரையின் வகையையும் வைத்துப் போடப்பட்டிருந்தால், மாடி ஏறினால் வரியும் ஏறும். ஆனாலும் கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கு எதிரே எத்தனை சதுர அடி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்களே டேப் வைத்து அளந்ததோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் மறுசீராய்வு மனு கொடுங்கள். அதுவரை வரியை நிறுத்திவைக்க வேண்டாம்; "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருப்பதைப் பார்த்து அதுவும் கூடுதல் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு, எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான்.

வெளியூர்க்காரர் என்பதற்காகக் கூடுதல் விகிதம் போட்டிருக்கிறார்களோ என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். அப்படிப் போட இங்கே சட்டம் இல்லை. இருக்கும் நாடுகளும் உண்டு: வேல்ஸில் 2023 முதல் இரண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சி வரியில் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்கலாம், இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் 100 சதவீதம் வரை. உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாமல் போய்விட்டது என்பது அங்கே அவர்கள் சொல்லும் காரணம். வார இறுதி வீடுகள் பெருகியபின் தங்கள் ஊரில் சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று உங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால், அந்தக் காரணம் அவர்களுக்கும் புரியும்.

வருமான வரியில் உங்கள் கணக்கர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். 2019ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டி, இரண்டுக்கும் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதற்கான நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. பெங்களூர் வீடு ஒன்று, இது இரண்டு. சிக்கல் வருவது பாலக்கோட்டில் உங்கள் அண்ணன் குடியிருக்கும் பூர்வீக வீட்டால். அதில் உங்களுக்குப் பாகம் இருந்தால் அது மூன்றாவதாக எண்ணப்படலாம். எந்த இரண்டைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், மீதியுள்ளதற்கு எதிர்பார்க்கத்தக்க வாடகையில் உங்கள் பங்குக்கு வரி வரும். கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தையும் கழித்த பிறகு பாலக்கோட்டுப் பழைய ஓட்டு வீட்டுக்கு அது பெரிய தொகையாக வராது. வீட்டுக் கடன் வட்டியைப் பொறுத்தவரை, சொந்தக் குடியிருப்பு வீடுகள் இரண்டுக்கும் சேர்த்தே 2 லட்சம் ரூபாய் வரைதான் கழிக்கலாம். அதுவும் பழைய வரி முறையில் மட்டும். செல்வ வரி பற்றிய உங்கள் பயத்துக்கு இடமே இல்லை, அது 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு போய்விட்டது.

வாக்கில்லாமலே கையில் இருப்பவை

ஏரிக்கரைக் குப்பைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குறைகளில் மிக நியாயமானது அதுதான். உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலரின் பொறுப்புக்குப் போனது. எனவே உங்களை உட்காரச் சொன்ன முன்னாள் தலைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஊராட்சி செயலரிடம் ஒரு மனு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகல். இரண்டுக்கும் ஒப்புதல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால், திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. மனுக் கொடுக்க வாக்காளராக இருக்க வேண்டிய அவசியம் எங்குமே இல்லை.

வரிப்பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு, இந்தியக் குடிமகன் என்பது மட்டுமே தகுதி. குப்பை அகற்ற இந்த ஆண்டு எவ்வளவு செலவானது, கொட்ட எந்தப் புல எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இருபது கேள்வி கேட்டால் ஊராட்சி செயலர் உங்களை எதிரியாகத்தான் பார்ப்பார், அவருக்கு இருக்கும் வேலையும் கொஞ்சமில்லை. சட்டத்துக்குப் புறம்பான தீர்மானம் என்று நீங்கள் கருதுவதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 202ஆம் பிரிவின்படி ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட் தீர்மானத்தை எதிர்த்து அந்தக் கதவைத் தட்டாதீர்கள், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். உயர் நீதிமன்றம் கடைசிப் படி. குப்பைக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மனைப்பிரிவுக்கு ஒரு நலச் சங்கம் இருந்தால், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்யுங்கள். அங்கே உங்களுக்கு உரிமையாளர் என்ற முறையில் வாக்கு உண்டு, எங்கே குடியிருந்தாலும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் மட்டும் தலைகாட்டும் ஒருவரைப் பற்றி. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து, நான்கு ஆண்டுகளாகக் கேட்டை ஒட்டிய அறையில் மனைவி மகளோடு தங்கியிருக்கும் உங்கள் வாட்ச்மேன். ஏரிக்கரைப் புகையை ஏழு நாளும் சுவாசிக்கிறவர் அவர்தான். அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் என்ற சொல்லுக்கு, உங்கள் மனைப்பிரிவில் அந்த மூன்று நிரந்தரக் குடும்பங்களுக்கு அடுத்தபடி பொருந்துகிறவர்களும் அவர் குடும்பத்தார்தான். அவருக்கும் மனைவிக்கும் வாக்கு இன்னும் பழைய ஊரிலேயே இருப்பதாகவும், மகளுக்கு இந்த ஆண்டு 18 நிறைந்ததாகவும் தெரிகிறது. இருவருக்கும் படிவம் 8, மகளுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. வீடு அவர்கள் பெயரில் இல்லை என்பது தடையில்லை. அவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள் என்று சங்கத்தின் சார்பில் நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள், அலுவலர் நேரில் வந்து பார்த்துக்கொள்வார். அந்த மகளுக்குச் சொந்தப் புகாரோ சொந்தக் கருத்தோ இருந்தால், அடுத்த கிராமசபையில் அவர் எழுந்து பேசும்போது யாரும் உட்காரச் சொல்ல முடியாது. உங்கள் கருத்தைத்தான் பேச வேண்டும் என்று அவரிடம் நீங்களும் சொல்லக் கூடாது. அதற்கு முன்பே, பின்பக்கக் கேட்டின் ஒரு சாவியை ஊராட்சி செயலரிடம் கொடுத்து ரசீது வாங்கிவைத்துவிடுங்கள். அறுவடைக்கு வண்டி வரும் நாளில் நீங்கள் பெங்களூரில் இருப்பீர்கள்.